பழைய பிக்கப் டிரக்கில் எரிபொருள் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. வண்டி நின்றது, பம்பை மாற்றினோம், வண்டி மறுபடியும் நின்றது. எரிபொருள் பம்ப் விலை கூடிய பாகம், அதைக் கழற்றி மாட்டுவதும் எளிய வேலையல்ல; ஆனாலும் முதலில் சந்தேகிக்கப்படுவதும் மாற்றப்படுவதும் அதுவாகவே இருக்கிறது. டேங்கிலிருந்து எஞ்சின் வரை எரிபொருள் போகும் வழியில் ஒவ்வோர் இடமாக அளந்துகொண்டே போனால், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பது கடையில் காசு கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. என் வண்டியில் இருப்பது கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஏர் ஃபில்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று போகும் தொண்டையின் மேல் சோக் தகடும், பக்கத்தில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமும் இருந்தால் அது கார்புரேட்டர். அதற்குப் பெட்ரோல் கொடுக்கும் சிறிய பம்ப் பெரும்பாலும் எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளில் மாட்டப்பட்டிருக்கும். தொண்டைக்கு நேர் மேலே ஒன்றோ இரண்டோ இன்ஜெக்டர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டரும் அவற்றை இணைக்கும் உலோகக் குழாயும் தெரிந்தால் அது போர்ட் இன்ஜெக்‌ஷன்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பிரஷர் கேஜை மாட்டுவதில் பயனில்லை. கார்புரேட்டருக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) போதும். ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் வந்த த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனுக்கு 9 முதல் 13 பிஎஸ்ஐ வேண்டும். போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பொதுவாக 35-க்கு மேல் கேட்கும், சில 60 வரை கேட்கும். ஆகவே கேஜ் 10 காட்டினால் ஒரு வண்டியில் அது நல்ல ஆரோக்கியம், இன்னொரு வண்டியில் ஸ்டார்ட்டே ஆகாத அளவு. உங்கள் மாடலுக்குரிய எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வேலையைத் தொடங்குவதற்கு முன் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பெட்ரோலைவிடப் பெட்ரோல் ஆவிக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். அது காற்றைவிடக் கனமானது; தரையோடு பரவி, வேலை செய்யும் இடத்திற்குத் தள்ளி இருக்கும் ஹீட்டரின் தீயையோ மோட்டாரின் பொறியையோ தேடிப் போய்த் தொட்டுவிடும். திறந்த வெளியில் செய்யுங்கள். கண்ணாடிக் குமிழ் விளக்கைக் வண்டிக்கடியில் கொண்டு போகாதீர்கள். சூடான குமிழின் மேல் ஒரு சொட்டுப் பெட்ரோல் விழுந்தாலே அது வெடிக்கும். எண்ணெய்த் தீக்கு ஏற்ற தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்போதும் இணைப்பின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டே தளர்த்துங்கள். டேங்கைக் காலி செய்ய வாயால் உறிஞ்சும் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குள் போவது மிகவும் ஆபத்தானது.

3. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. எரிபொருள் பிரச்சினைதானா?

அதை முதலில் நிரூபிக்க வேண்டும். டேங்கில் எரிபொருள் இருக்கிறதா என்பதைக் கேஜ் முள்ளை மட்டும் நம்பி முடிவு செய்யாமல் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். அடுத்து ஸ்பார்க் டெஸ்டரை வைத்துப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பொறி இருந்தால், பெட்ரோல் எஞ்சினின் காற்றுத் தொண்டைக்குள் கார்புரேட்டர் கிளீனரை ஓரிரு நொடி மட்டும் தெளித்து, ஏர் ஃபில்டர் மூடியைத் திரும்ப வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் பிடித்து ஓரிரு நொடி ஓடி அணைந்தால், மற்ற எல்லாம் இருக்கிறது, எரிபொருள்தான் வரவில்லை என்று பொருள். துளிகூடப் பிடிக்கவில்லையென்றால் டைமிங், கம்ப்ரஷன் பக்கம் போங்கள்.

ஒரு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்து பெட்ரோல் சொட்டினால் தேவைக்கு மேல் வருகிறது. அதற்கான தேடல் வேறு. டீசல் வண்டியில் இந்தத் தெளிப்புச் சோதனையைச் செய்யக் கூடாது. குளோ பிளக்கின் சூட்டில் அது நேரம் தவறி எரிந்து பிஸ்டனை உடைத்துவிடும்.

4. சாவியைத் திருப்பினால் பம்ப் சத்தம் கேட்க வேண்டும் என்கிறார்களே, எனக்குக் கேட்கவில்லையே?

மின் பம்ப் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் டேங்க் பக்கம் ஏறத்தாழ 2 நொடி ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கும். எரிபொருள் ஊற்றும் வாயில் ஒருவர் காதை வைத்துக் கேட்டால் தெளிவாகவே கேட்கும். கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்) என்ற வரிசையில் போங்கள். அதே வகை ரிலே ஹாரனுக்கோ வேறு எதற்கோ இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. ஃபோர்டு பிக்கப்கள் பலவற்றில் மோதலின்போது பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியில்கூட அது துண்டித்துக்கொள்ளும். மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் பழையபடி இணைந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, பம்பின் கனெக்டரில் மின்சாரமும் எர்த்தும் இருந்து, அப்போதும் பம்ப் ஓடவில்லையென்றால், ஒருவர் ஸ்டார்ட் செய்ய இன்னொருவர் டேங்கின் அடிப்பகுதியை ரப்பர் சுத்தியலால் தட்டட்டும். அந்தத் தட்டலில் ஓடத் தொடங்கினால் மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டது. பிரஷர் கேஜ் இல்லாமலேயே பம்பைக் குற்றவாளி என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு நிலையில்தான்.

5. சத்தம் கேட்கிறது. அப்படியானால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மோட்டார் சுற்றுகிறது என்பதை மட்டுமே சத்தம் சொல்லும். எரிபொருளைத் தள்ளுகிறதா என்பதைக் கேஜ்தான் சொல்லும். சாவியை ஆன் செய்தவுடன் ஒரு முறை, ஐட்லிங்கில் ஒரு முறை, எஞ்சினை அணைத்த பிறகு சில நிமிடங்கள் கழித்து ஒரு முறை என மூன்று அளவுகளையும் எழுதி வையுங்கள். வாக்குவம் குழாய் மாட்டிய ரெகுலேட்டர் (அழுத்தத்தை அளவோடு வைத்து, மிகுதியை டேங்குக்குத் திருப்பிவிடும் பாகம்) உள்ள வண்டியில், ஐட்லிங்கின்போது அந்தக் குழாயைக் கழற்றினால் அழுத்தம் பொதுவாக 5 முதல் 10 பிஎஸ்ஐ ஏற வேண்டும். கழற்றிய குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டரின் டயாபிரம் (உள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வு) கிழிந்துவிட்டது. அதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

அழுத்தத்தோடு, வரும் எரிபொருளின் அளவையும் பார்க்க வேண்டும். அடைபட்ட ஃபில்டருக்குப் பின்னாலும் ஐட்லிங்கில் அழுத்தம் சரியாகவே காட்டும், ஏனென்றால் அப்போது எஞ்சின் குடிப்பது மிகக் குறைவு. கார்புரேட்டர் வண்டியின் பம்ப் ஏறக்குறைய 30 நொடியில் அரை லிட்டரைப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு நான் பரிந்துரைப்பது ஓட்டிப் பார்க்கும் சோதனை: கேஜின் குழாயைப் பானெட்டின் பின் விளிம்பு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் டேப்பால் ஒட்டி, ஒரு மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் ஏறுங்கள். முள்ளைக் கவனிக்க இன்னொருவர் பக்கத்தில் உட்காரட்டும். கேஜைக் கேபினுக்குள் மட்டும் கொண்டு வராதீர்கள்.

6. அழுத்தம் குறைவாகத்தான் காட்டுகிறது. இனி பம்பை மாற்றிவிடலாம் அல்லவா?

இன்னும் இல்லை. அவசரப்பட்டு ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பம்ப் கெட்டிருப்பதைத் தவிரக் குறைந்த அழுத்தத்திற்கு மூன்று வழிகள் உண்டு: வரும் வழி அடைபட்டிருக்கலாம், வந்தது டேங்குக்கே திரும்பிப் போய்விடலாம், பம்புக்கே போதிய மின்சாரம் கிடைக்காமல் இருக்கலாம். இவை மூன்றும் கேஜில் ஒரே மாதிரிதான் தெரியும்.

திரும்பும் குழாயில் ரப்பர்ப் பகுதி இருந்தால், எஞ்சின் ஓடும்போது அதை ஒரு நொடி மட்டும் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். முள் சட்டென்று மேலே போனால் பம்புக்குத் தெம்பு இருக்கிறது, ரெகுலேட்டர்தான் விட்டுக்கொடுக்கிறது. அசையவே இல்லையென்றால் கோளாறு பின்பக்கம். கெட்டியான பிளாஸ்டிக் குழாயில் இதைச் செய்யாதீர்கள், உடைந்துவிடும். பிறகு ஃபில்டரைக் கழற்றி, எரிபொருள் உள்ளே நுழையும் முனை கீழே இருக்குமாறு பிடித்து, அதில் உள்ளதை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். செம்பழுப்புத் தூள் அடியில் படிந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. கறுப்புத் துணுக்குகள் மிதந்தால் ஏதோ ஒரு ரப்பர் குழாய் உள்ளே உரிகிறது. பாத்திரத்தின் அடியில் நிறமில்லாத முத்துகள் உருண்டால் அது தண்ணீர். இந்த ஒரு பாத்திரம், பிரிக்காத டேங்கின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

மின்சாரத்தைப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் துருப்பிடித்த வயரும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பம்பின் எர்த்திலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், சேஸில் எர்த் வயர் மாட்டிய போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப இறுக்குங்கள். பிக்கப்பின் சேஸ் எப்போதும் சேற்றிலும் தண்ணீரிலும் நனைவதால் இந்த இணைப்பு கெடுவது மிகச் சாதாரணம். புதுப் பம்ப் சில மாதங்களிலேயே போய்விட்டது என்று சொல்பவர்களின் வண்டியில் இந்த எர்த்தையும், டேங்கின் அடியில் தேங்கிய துருவையும் முதலில் பார்க்கச் சொல்வேன்.

7. காலையில் ரொம்ப நேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பிறகு நாள் முழுவதும் சரியாக ஓடுகிறது. ஏன்?

இரவில் குழாயிலிருந்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. உறுதி செய்ய, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து அணைத்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் சந்தேகம் சரி. பம்பில் உள்ள ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், கசியும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று அழுத்தத்தை விடுகிறது. எஞ்சினை அணைத்தவுடன் வரும் குழாயை அழுத்திப் பிடித்தால் முள் நிற்கிறதா, திரும்பும் குழாயைப் பிடித்தால் நிற்கிறதா என்று பாருங்கள். முதலாவதில் நின்றால் ஒருவழி வால்வு, இரண்டாவதில் நின்றால் ரெகுலேட்டர். இரண்டிலும் நிற்காமல், ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் கரும்புகையும் வந்தால் இன்ஜெக்டர் கசிகிறது.

பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் இன்னொரு வழியும் உண்டு. ரிலே கெட்டாலும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகப் பம்புக்கு மின்சாரம் போகும் அமைப்பு அவற்றில் இருக்கிறது. ரிலே செத்துப்போனால், ஆயில் அழுத்தம் ஏறும் வரை எஞ்சின் சுற்றிக்கொண்டே இருந்து பிறகு ஸ்டார்ட் ஆகும். நான்காம் கேள்வியில் சொன்ன 2 நொடி ரீங்காரம் இல்லாமலேயே வண்டி கடைசியில் ஸ்டார்ட் ஆகிறது என்றால் ரிலேயைப் பாருங்கள்.

8. காலியாக ஓடும்போது பிரச்சினை இல்லை. சுமை ஏற்றினாலோ மேட்டில் ஏறினாலோ இழுக்காமல் திணறுகிறது.

அழுத்தம் இருந்தும் அளவு போதவில்லை என்பதே முதல் சந்தேகம். ஐந்தாம் பதிலில் சொன்ன மேட்டுச் சோதனைதான் இதற்கு விடை. திணறும் அதே நேரத்தில் முள் விழுந்தால் ஃபில்டர், டேங்குக்குள் பம்பின் வாயில் இருக்கும் வலை, மின்சாரம் என்ற வரிசையில் தேடுங்கள். முள் விழாமல் வண்டி மட்டும் திணறினால் எரிபொருளை விட்டுவிட்டு, இக்னிஷன் காயிலையும் அடைபட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பாருங்கள்.

9. ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு கணம் விக்கி, பிறகுதான் வேகம் எடுக்கிறது.

கார்புரேட்டர் வண்டியானால், எஞ்சின் அணைந்திருக்கும்போது சோக் தகட்டைத் திறந்து பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியை அசையுங்கள். அசைத்த அந்தக் கணமே பெட்ரோல் கோடாகப் பீய்ச்ச வேண்டும். தாமதித்தாலோ சொட்டினாலோ ஆக்சிலரேட்டர் பம்பின் டயாபிரம் காய்ந்துவிட்டது. அது சிறிய ரப்பர், மலிவாகக் கிடைக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இதே விக்கல் பெரும்பாலும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரால் வரும்.

10. வெயிலில் ஓடி நிறுத்திய பிறகு திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. வேப்பர் லாக்தானே?

கார்புரேட்டரும் எஞ்சினில் மாட்டிய பம்பும் உள்ள வண்டியில் வேப்பர் லாக்குக்கு, அதாவது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதற்கு, வாய்ப்பு உண்டு. அந்தப் பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சி இழுப்பதால் குழாயில் அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் போகும் எரிபொருள் குழாயை விலக்கிக் கட்டுவதும், தொலைந்துபோன வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்ப மாட்டுவதும் சரியான தீர்வு. குழாயில் மரக் கிளிப்புகளை மாட்டிவைக்கும் பழக்கத்தால் பயன் இருப்பதாக நான் கருதவில்லை.

டேங்குக்குள் பம்ப் இருக்கும் வண்டியில் எரிபொருள் முழு வழியும் அழுத்தத்தில் இருப்பதால் வேப்பர் லாக் அரிது. அங்கே சூட்டில் செயலிழக்கும் இக்னிஷன் மாட்யூலையே முதலில் சந்தேகியுங்கள். மூன்றாம் பதிலில் சொன்ன ஸ்பார்க் சோதனையை வண்டி சூடாக இருந்து மறுக்கும் அதே நேரத்தில் செய்ய வேண்டும். ஆறிய பிறகு செய்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

11. கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது. சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. சூடும் காரணமில்லை.

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் பலமாகக் கேட்டு, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது. பம்ப் எடுக்கும் எரிபொருளின் இடத்தை நிரப்பக் காற்று வராததால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிறது. மூடியையோ வென்ட் குழாயையோ சரிசெய்தால் போதும்.

சத்தம் இல்லையென்றால், டேங்கின் குப்பை பம்பின் வலையில் ஒட்டிக்கொண்டு, வண்டி நின்றதும் உதிர்ந்துவிடுகிறது என்று எண்ணலாம். கார்புரேட்டர் வண்டியில் இதைப் பிரித்துக் காட்ட ஒரு நல்ல வழி, பம்பின் உறிஞ்சும் குழாயைத் தனியான ஒரு சிறு கேனில் விட்டு எஞ்சினை ஓட்டுவது. கேனில் ஒழுங்காக ஓடினால் பம்பும் கார்புரேட்டரும் நிரபராதிகள். உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் அது வெளியே சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். காய்ந்திருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

12. இரண்டு டேங்க் வண்டி. ஒன்றில் ஓட்டினால் நன்றாக ஓடுகிறது, மற்றதில் நின்றுவிடுகிறது.

இரண்டு டேங்க் இருப்பதே உங்களுக்கு ஒரு சோதனைக் கருவி. ஒரு டேங்கில் குறையின்றி ஓடுவதால், இரண்டும் சேரும் வால்வுக்கு அப்பால் எஞ்சின் பக்கம் உள்ள ஃபில்டர், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் எல்லாம் சந்தேகத்திலிருந்து நீங்கிவிட்டன. கெட்ட பக்கத்துப் பம்ப், அதன் வயர், அதன் வலை, வால்வு ஆகியவை மட்டுமே மீதம். ஒரு டேங்க் தானாக நிறைந்து வழிகிறது என்றால், திரும்பும் எரிபொருள் தவறான டேங்குக்குப் போகிறது. வால்வையோ பம்பின் ஒருவழி வால்வையோ பாருங்கள், அதுவரை அந்த டேங்கை நிரப்பாதீர்கள்.

13. பெட்ரோல் வாடை வருகிறது, ஆனால் எங்கும் சொட்டவில்லை.

எஞ்சின் ஆயிலின் அளவுக் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், எஞ்சினில் மாட்டிய பம்பின் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, அல்லது இன்ஜெக்டர் கசிகிறது. அந்த எஞ்சினை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. காரணத்தைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆயில் சுத்தமாக இருந்தால் டேங்கின் மேற்புறக் குழாய்களையும் எரிபொருள் ஊற்றும் கழுத்தின் ரப்பரையும் பாருங்கள். டேங்கை இறக்குவதைவிட, சுமை ஏற்றும் பின் தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, ஊற்றும் கழுத்து, பின்விளக்கு வயர், எர்த் வயர் ஆகியவற்றை விடுவித்து, தொட்டியைத் தூக்கிச் சாய்த்து முட்டுக் கொடுத்தால் டேங்கின் மேற்புறம் முழுவதும் கண்ணெதிரே இருக்கும். பம்பை மாற்றவும் இதுவே எளிய வழி. குழாயை மாற்றும்போது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அதற்கென்று குறிக்கப்பட்ட குழாயையே வாங்குங்கள். கார்புரேட்டர் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

14. டீசல் பிக்கப்புக்கும் இதே முறைதானா?

வரிசை ஒன்றே, எதிரி வேறு. பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலில் பல கோளாறுகளுக்குக் காரணம் குழாய்க்குள் ஏறும் காற்று. ஃபில்டருக்கு அருகில் ஒளி ஊடுருவும் ஒரு குழாய்த் துண்டைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழ்கள் கண்ணுக்கே தெரியும். ஃபில்டரை மாற்றிய பிறகு ஹேண்ட் பிரைமரை அடித்து, காற்று நீக்கும் திருகில் குமிழில்லாத டீசல் வரும் வரை விட வேண்டும். தண்ணீர் பிரிப்பானை அடிக்கடி வடித்துவிடுங்கள். இன்ஜெக்டர் குழாய்களில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையை வைத்துப் பாருங்கள்.

15. ஸ்கேனரில் பி0171 என்று வருகிறது. லீன் என்றால் எரிபொருள் போதவில்லை என்றுதானே பொருள்?

காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் குறைவு என்று பொருள். காற்று கூடினாலும் அதே பிழைக் குறியீடு வரும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட பிக்கப்களில் ஃபியூயல் டிரிம் (கணினி எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம்) அளவைச் சாதாரண ஸ்கேனரிலேயே பார்க்கலாம். ஐட்லிங்கில் டிரிம் அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் சமநிலைக்கு வந்தால் வாக்குவம் கசிவு. ஐட்லிங்கில் சரியாக இருந்து, சுமை ஏற ஏற டிரிம்மும் ஏறினால் எரிபொருள் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்கடைந்து குறைத்துச் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது மறுபடியும் அந்த மேட்டுச் சோதனைதான்.

16. அழுத்தம், அளவு, மின்சாரம், பொறி எல்லாம் சரி. ஆனாலும் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறது, அதாவது சரியாக எரியாமல் விடுகிறது.

அப்போதுதான் இன்ஜெக்டரின் முறை வருகிறது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு இன்ஜெக்டரிலும், கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேளுங்கள். எல்லாம் ஒரே மாதிரி டிக் டிக் என்று அடிக்க வேண்டும். அடிக்காததன் கனெக்டரைக் கழற்றி ஓம் அளவைப் பக்கத்து இன்ஜெக்டரோடு ஒப்பிடுங்கள். போர்ட் இன்ஜெக்டர்கள் பலவற்றில் இது 12 முதல் 16 ஓம் வரை இருக்கும்; எண்ணைவிட ஒற்றுமை முக்கியம். ஓம் சரியாக இருந்து சத்தம் இல்லையென்றால், நாய்ட் லைட்டை (இன்ஜெக்டருக்கு வரும் மின் துடிப்பைக் காட்டும் சிறு சோதனை விளக்கு) கனெக்டரில் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு மின்னினால் இன்ஜெக்டர் இறுகிவிட்டது. மின்னாவிட்டால் கோளாறு வயரிலோ கணினியிலோ இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி அடித்தும் ஒன்று மட்டும் மிஸ் ஆனால், அந்த இன்ஜெக்டரை நல்ல சிலிண்டரின் இன்ஜெக்டரோடு இடம் மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால் அதைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். பழைய சிலிண்டரிலேயே தங்கிவிட்டால் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை அளந்து பாருங்கள்.